காலையில் கேட்கும் 'டொக் டொக்': மரங்கொத்தியா, குக்குறுவானா? (ஜக்கூர், பெங்களூரு)

ஜக்கூர்_மூணாம்மாடி

பிப்ரவரி பிறந்ததுல இருந்து காலை ஆறே முக்காலுக்கு மேல ரெண்டு விதமா சத்தம் கேட்குது. ஒண்ணு, பித்தளைப் பாத்திரத்தைச் சின்னச் சுத்தியலால தட்டுற மாதிரி, ஒரே சீரா, விடாம. இன்னொண்ணு நிஜமாவே மரத்துல தட்டுறது: டொக்… டொக்டொக்… கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல, திரும்ப டொக். பால்கனிக்கு நேர் எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம், அதுல தொடை கனத்துக்கு ஒரு பட்ட கிளை. அங்கேயிருந்து முதுகு மஞ்சளா ஒரு பறவை போச்சு, சரியாப் பார்க்கக் கிடைக்கல.

ரெண்டு சத்தமும் ஒரே பறவையா? அஞ்சாம் கிளாஸ் படிக்கிற பொண்ணு இதையே ஸ்கூல் புராஜெக்ட்டா எடுத்திருக்கா. "இவ்வளவு முட்டினா அதுக்குத் தலை வலிக்காதா?"ங்கிறது அவ கேள்வி. மண்டைக்குள்ள ஸ்பாஞ்சு இருக்குன்னு ஒரு வீடியோ சொல்லுது, நாக்குதான் சீட் பெல்ட்டுன்னு இன்னொண்ணு. எதை எழுதறது? பைனாகுலர் எது வாங்கலாம்? அசோசியேஷன்ல மார்ச் கடைசியில அந்தப் பட்ட கிளையை வெட்டப் போறாங்களாம், அதுக்கு ஏதாவது சொல்லணுமா?

---

கன்னார்தெரு

ரெண்டும் வேற வேற பறவை. பித்தளைச் சத்தம் செம்மார்புக் குக்குறுவான். அது தட்டறதே இல்லை, தொண்டையிலிருந்து வரும் குரல். பாத்திரம் அடிக்கற கன்னார் தட்டற மாதிரி இருக்கறதாலதான் இங்கிலீஷ்காரனும் அதே பேரை ('காப்பர்ஸ்மித்') வச்சான். குளிர் மாதங்கள்ல பெரும்பாலும் வாயைத் திறக்காது, வெயில் ஏற ஏற ஆரம்பிக்கும். உங்க பிப்ரவரிக் கணக்கு சரியாப் பொருந்துது.

சந்தேகம் இருந்தா கடிகாரத்தை வச்சு 15 நொடி எண்ணுங்க. இதோட குரல் நிமிஷத்துக்கு 108 முதல் 121 வரை போகும், அதாவது 15 நொடிக்கு 27லிருந்து 30. முதல் சில தட்டல் மெல்லிசா இருக்கும், பிறகு ஒரே அளவு, ஒரே இடைவெளி. மரத்தைக் கொத்துற எந்தப் பறவையும் இவ்வளவு நேரம் இவ்வளவு சீரா கொத்தாது. உணவு தேடும் மரங்கொத்தி நாலு கொத்து கொத்தும், பட்டையை நெம்பும், காது கொடுக்கும், ரெண்டு அடி மேலே ஏறும். நீங்க எழுதியிருக்கற "கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல" அதுதான்.

மூணாவதா ஒண்ணு இருக்கு: முரசு. நல்லா காஞ்சு, உள்ளே ஓட்டையாகி எதிரொலிக்கும் கிளையாப் பார்த்து, 'ட்ர்ர்ர்ர்'னு ஒரே மூச்சுல அடிக்கும். தனித்தனி அடியா காதுல விழாது. அது சாப்பாட்டுக்கு இல்லை. பாட்டுப் பறவைக்குப் பாட்டு மாதிரி, இடத்துக்கும் ஜோடிக்குமான அறிவிப்பு. 2022ல பிளாஸ் பயாலஜி இதழ்ல வந்த ஒரு ஆய்வு, பாட்டுப் பறவைகளின் மூளையில பாட்டைக் கற்கும் பகுதிகளுக்கு ஒப்பான பகுதிகள் மரங்கொத்தி மூளையிலும் இருக்கு, முரசு அடிக்கும்போது அவை வேலை செய்யுதுன்னு காட்டிச்சு. பொண்ணோட புராஜெக்ட்டுக்குத் தலைவலியை விட இது நல்ல விஷயம்னு எனக்குத் தோணுது.

குக்குறுவானைப் பார்க்கணும்னா சத்தம் வர்ற திசையை நம்பாதீங்க. குரல் கொடுத்துக்கிட்டே தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், சத்தம் இடம் மாறின மாதிரி ஏமாத்தும். காலை வெயில் படும் மொட்டைக் கிளை உச்சியைப் பாருங்க. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெருசு, குண்டு, பச்சை. அலகு மூடியே இருக்கும், ஒவ்வொரு தட்டலுக்கும் தலை குலுங்கும், தொண்டை உப்பும்.

---

வெண்பிடரி

கன்னார்தெரு சொன்னதில் ஒரு திருத்தம். மரத்தில் கொத்தும் சத்தம் என்றாலே மரங்கொத்தி என்று முடிவு கட்ட முடியாது. குக்குறுவானும் கூட்டுக்குத் தானே பொந்து குடையும். இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவுக்காரர்கள். பிப்ரவரி, மார்ச்சில் பட்ட கிளையில் இரண்டுமே வேலை செய்யும். கிளைக்கு நேர் கீழே தரையில் வெளிர் நிறத்தில் புது மரச்சீவல் கிடந்தால் மேலே யாரோ பொந்து போடுகிறார்கள் என்பது வரை உறுதி. யார் என்பது துளை எங்கே இருக்கிறது என்பதில் தெரியும். குக்குறுவான் பெரும்பாலும் சாய்ந்த கிளையின் அடிப்பக்கத்தில், தன் உடம்பு நுழையும் அளவுக்கு மட்டும், வட்டமாகப் போடும். அதன் அலகு உளுத்த மரத்துக்குத்தான் லாயக்கு. மரங்கொத்தி போடும் துளையின் வாய் அதைவிடப் பெரியது.

மஞ்சள் முதுகு என்றால் பெங்களூரு ஊருக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை பொன்முதுகு மரங்கொத்திதான். 26 முதல் 29 செ.மீ. நீளம், மைனாவைவிடப் பெரியது. ஆனாலும் முதுகை மட்டும் பார்த்து எழுதாதீர்கள், பொன் முதுகு பல இனங்களுக்கு உண்டு. பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: தொண்டை, வாலுக்குச் சற்று மேலே உள்ள பிட்டம். தொண்டை கறுப்பில் வெள்ளைப் புள்ளி, பிட்டமும் கறுப்பு என்றால் விஷயம் முடிந்தது. பொன் முதுகுக்காரர்களில் இரண்டு இடமும் கறுப்பாக இருப்பது இது ஒன்றுதான். பிட்டம் சிவப்பாக இருப்பவை மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் பார்க்க வேண்டியவை.

நகரின் தெற்கு விளிம்பில், பன்னேர்கட்டா பக்கத்து உலர்காடுகளுக்குப் போனால் வெண்பிடரி மரங்கொத்தி குழப்பும். அதற்கும் பிட்டம் கறுப்பு. ஆனால் பிடரியிலிருந்து முதுகு வரை வெள்ளை இறங்கும், அலகு நீளம், பெண்ணுக்கு உச்சி மஞ்சள். பொன்முதுகுக்குப் பிடரி கறுப்பு. லால்பாக்கிலோ ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலோ சிட்டுக்குருவி அளவில், பழுப்பு உச்சியோடு, மெல்லிய கிளைகளில் ஓடும் ஒன்றைப் பார்த்தால் அது குட்டி மரங்கொத்தி. 13 செ.மீ.தான், பலர் கண்ணில் படாமலே போய்விடும்.

ஆணா பெண்ணா என்பது நெற்றியில் இருக்கிறது. பொன்முதுகில் ஆணுக்கு நெற்றி முதல் கொண்டை வரை முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்கு முன்பாதி கறுப்பில் வெள்ளைப் புள்ளி, பின்னால் கொண்டை மட்டும் சிவப்பு.

தேடும் முறையும் சொல்லிவிடுகிறேன். ஆள் தெரிந்தால் மரங்கொத்தி தண்டின் மறுபக்கம் போய் ஒளியும். நீங்கள் மரத்தைச் சுற்றினால் அதுவும் சுற்றும். நின்ற இடத்தில் நில்லுங்கள். கடைசியாகப் பார்த்த இடத்தைப் பார்க்காமல் அதற்கு இரண்டு மூன்று மீட்டர் மேலே, தண்டின் இரு ஓரங்களையும் பார்த்துக்கொண்டிருங்கள். அது ஏறிக்கொண்டே உணவு தேடும், தலைகீழாக இறங்காது. இறங்க வேண்டுமென்றால் வாலைக் கீழே வைத்தபடி பின்னாலேயே தத்தும். விறைத்த வாலிறகை மரத்தில் ஊன்றி மூன்றாவது கால் போல உட்காருவதால் இப்படி. இறகு உதிர்க்கும்போதும் வாலின் நடு ஜோடியைக் கடைசியில்தான் உதிர்க்கும். மற்றவை முளைத்துத் தாங்கும்வரை ஊன்றுகோலை விடாது.

குரலில் ஒரு கண்ணி உண்டு. பொன்முதுகின் 'கிகிகிகிகி' என்ற கத்தலை வெண்மார்பு மீன்கொத்தி என்று எழுதிவிடுவார்கள், மறுபக்கமும் நடக்கும். கத்திக்கொண்டே அலையலையாக, நாலு இறகடி ஒரு சரிவு என்று பறந்தால் மரங்கொத்தி. மீன்கொத்தி நேர்கோட்டில் போகும்.

---

ஜக்கூர்_மூணாம்மாடி

15 நொடிக்கு 29 வந்துச்சு! சீவலும் கிடக்கு. துளை தண்டை ஒட்டின பக்கம், அடியில இல்ல. மொபைல்ல எடுத்த படம் மங்கலா இருக்கு. நெற்றி கறுப்பு, அதுல வெள்ளைப் பொட்டு, பின்னால சிவப்புக் கொண்டை. பிட்டம் மட்டும் சிவப்பா தெரியுற மாதிரி இருக்கு. பறவைப் பதிவு போடற ஈபேர்ட் செயலியில, சிவப்புப் பிட்டம் உள்ள பெரிய பொன்முதுகுன்னு போட்டேன், உடனே 'அரிது'ன்னு விளக்கம் கேட்குது.

---

வெண்பிடரி

கேட்டது சரி. அதை மாற்றிவிடுங்கள். முன்பாதி கறுப்பில் வெள்ளைப் பொட்டு என்பது பெண் பொன்முதுகு. பிட்டச் சிவப்பு மொபைல் செய்த வேலை. தூர ஜூமில் நிறம் ஓரத்தில் வழியும். காலைச் சாய்வெயிலில் பொன் நிறமே செம்பாகத் தெரியும், அது மடிந்த இறகின் நுனிவழியாகப் பிட்டத்தின் மேல் விழுந்திருக்கும். பறவை சிறகை விரிக்கும் நொடியில்தான் பிட்டம் சுத்தமாகத் தெரியும், அதற்குக் காத்திருங்கள். செயலி தரும் பட்டியலில் முதலில் இருப்பதை அழுத்துவதுதான் இந்தத் தவறு வரும் வழி. 'அரிது' என்று வந்தால் அது உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், தொண்டையையும் பிட்டத்தையும் இன்னொரு தரம் பார்க்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியில் ஒலி அடையாளம் போட்டாலும் குரலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொத்தல் சத்தத்தை நம்பிப் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

---

மண்டைக்கணக்கு

தலைவலிக் கேள்விக்கு வருகிறேன். ஸ்பாஞ்சு கதையை எழுதவே வேண்டாம்.

1970களில் பிலிப் மே என்ற மருத்துவரும் உடன் வேலை செய்தவர்களும் ஒரு மரங்கொத்தியை அதிவேகக் கேமராவில் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். அலகு மரத்தில் மோதும் வேகம் நொடிக்கு 6 முதல் 7 மீட்டர். நிற்கும்போது தலை உணரும் வேகக்குறைப்பு புவியீர்ப்பைப் போல 1000 மடங்கு அளவில். இதற்காக 2006ல் அவருக்கும் ஐவன் ஷ்வாப் என்ற கண் மருத்துவருக்கும் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது, மே மறைந்த பிறகு. சிரிப்புப் பரிசு என்றாலும் கேள்வி சிரிப்பானதல்ல.

அதன்பின் அலகுக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் நுரை போன்ற எலும்பு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது என்ற விளக்கம் பரவி, ஹெல்மெட் வடிவமைப்பு வரை போனது. யோசித்தால் அதில் ஓட்டை இருக்கிறது. சுத்தியல் தலையில் ரப்பரைக் கட்டி ஆணி அடித்தால் என்ன ஆகும்? அடி ரப்பரில் போகும், ஆணி இறங்காது, இன்னும் ஓங்கி அடிக்க வேண்டும். 2022ல் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தின் சாம் வான் வாசன்பெர்க் குழு மூன்று இனங்களை அதிவேகமாகப் படமெடுத்து, அலகில் ஒரு புள்ளியையும் மண்டையில் ஒரு புள்ளியையும் ஃபிரேம் ஃபிரேமாகத் தொடர்ந்தது. இரண்டும் ஒரே மாதிரி நின்றன. நடுவில் எதுவும் மெத்தையாக வேலை செய்யவில்லை. மண்டை விறைத்த சுத்தியல்தான். கரண்ட் பயாலஜி இதழில் வந்தது.

அப்படியானால் மூளை எப்படித் தாங்குகிறது? அது சின்னது என்பதால். ஒரே வேகக்குறைப்பில், மூளையின் ஒரு முனைக்கு எதிராக மீதி மூளை எவ்வளவு எடையோடு வந்து அழுத்துகிறது என்பதுதான் சேதத்தை முடிவு செய்யும். நீளம் பத்தில் ஒன்றானால் அழுத்தமும் பத்தில் ஒன்று. மனித மூளை 1300 கிராமுக்கு மேல், பல மரங்கொத்திகளுக்குச் சில கிராம்தான். அதனால் நமக்கு மயக்கம் வரவைக்கும் அடி அதற்கு எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. இன்னொன்று, மே கவனித்தது: தலை நேர்கோட்டில் போய் வருகிறது, சுழல்வதில்லை. மூளையை நாசமாக்குவது பெரும்பாலும் சுழற்சிதான்.

குழந்தை செய்து பார்க்க: கடற்பாசியை (அகர் அகர்) வழக்கத்தைவிட இளக்கமாகக் காய்ச்சி, ஒன்றைப் பெரிய டிபன் பாக்ஸிலும் ஒன்றைப் பாட்டில் மூடியிலும் உறைய வையுங்கள். இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து, 15 செ.மீ. போதும், மடித்த துண்டின் மேல் விழவிடுங்கள். பெரியது விரிசல் விடும், மூடியில் இருப்பது குலுங்கி நிற்கும். கெட்டியாகக் காய்ச்சிவிட்டால் இரண்டுமே விரியாது, நடக்கும் தப்பு அதுதான். இளக்கிக்கொண்டே போய் பெரியது விரியும் பதத்தைப் பிடியுங்கள்.

---

கன்னார்தெரு

அப்போ நாக்கு? சீட் பெல்ட்?

---

மண்டைக்கணக்கு

நாக்கைத் தாங்கும் எலும்பு மண்டையின் பின்புறமாகச் சுற்றி மேலே ஏறி முன்னால் வருவது உண்மை. அது இருப்பது நாக்கை நீட்டுவதற்கு. துளைக்குள் புழுவையும் எறும்பையும் எட்டிப் பிடிக்க நீளமான நாக்கு வேண்டும், அந்த நீளத்தைச் சுருட்டி வைக்க இடம் வேண்டும். மூளையைக் கட்டிப் பிடிப்பதற்கு என்பது பார்த்ததும் தோன்றுகிற கற்பனை.

மூளைக்கு ஒன்றுமே ஆவதில்லை என்றும் எழுத வேண்டாம். 2018ல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஆய்வு, அருங்காட்சியகத்தில் வைத்திருந்த மரங்கொத்தி மூளைகளில் டௌ என்ற புரதம் சேர்ந்திருப்பதைக் கண்டது. ஒப்பிட்ட வேறு பறவையில் அது இல்லை. மனிதரில் தலையில் அடிக்கடி அடிபட்டவர்களிடம் காணப்படும் புரதம் அது. பறவையில் அது சேதமா பாதுகாப்பா என்று அந்த ஆய்வு தீர்ப்பு சொல்லவில்லை. பெண்ணிடம் "வலிக்காது" என்று சொல்லாமல் "நமக்கு ஆகிற மாதிரி மயக்கம் வராது" என்று சொல்லுங்கள், அது சரியாக இருக்கும்.

---

எட்டுநாற்பத்திரண்டு

பைனாகுலர். 8×42 எடுங்க, அதாவது 8 மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம். 10 மடங்கு வேண்டாம்: கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்வை வட்டமும் குறுகும், தத்தி ஏறும் பறவையைத் தேடிப் பிடிக்கறதே பாடா இருக்கும். 42ஐ 8ஆல வகுத்தா 5.25 மி.மீ., கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம். 10×42ல 4.2தான். அதிகாலை மரநிழல்ல இந்த வித்தியாசம் தெரியும். குழந்தையும் பார்க்கணும்னா கடையிலேயே ரெண்டு குழலையும் முழுசா மடக்கி அவ கண்ணுல வச்சுப் பாருங்க. ஒரே வட்டமா தெரியலன்னா அவ கண்களுக்கு நடுவே இருக்கற இடைவெளிக்கு அது சுருங்கல, 8×32ல சின்ன உடம்பு உள்ளதாத் தேடணும்.

வாங்கினவங்கள்ல பாதிப் பேர் செய்யாத வேலை ஒண்ணு. வலது லென்ஸை மூடி, இடது கண்ணால பட்ட கிளையின் பட்டை வெடிப்பைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்க. பிறகு இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாம, வலது கண்ணாடியில இருக்கற வளையத்தை மட்டும் திருப்பி அதே வெடிப்பைத் தெளிவாக்குங்க. வளையம் நின்ன கோட்டை மனசுல வச்சுக்கங்க, ஒருத்தர் மட்டும் பார்த்தா அப்புறம் தொடவே வேண்டாம். அம்மாவும் பொண்ணும் மாத்தி மாத்திப் பார்த்தா ரெண்டு பேர் கோட்டையும் ஒட்டுத்தாள்ல குறிச்சு ஒட்டிடுங்க. இதைச் செய்யாம "படம் மங்கல், கண்ணு வலிக்குது"ன்னு திருப்பிக் கொடுக்கறவங்கதான் அதிகம். மூக்குக்கண்ணாடி போடறவங்கன்னா கண்கிண்ணத்தை உள்ளே அழுத்திடணும்.

புராஜெக்ட்டுக்கு ஒரு தாள் போதும். தினம் ஒரே நேரம், ஒரே இடம், 15 நிமிஷம், பதினாலு நாள். எத்தனை தடவை வந்துது, ஆணா பெண்ணா, எந்த உயரம், கொத்தலா முரசா குரலா, வெயிலா மேகமா. 15 நிமிஷத்துல மூணு தடவை வந்தா மூணு பறவைன்னு எழுதாம, ஒரே நேரத்துல அதிகபட்சம் எத்தனை தெரிஞ்சுதோ அதை எழுதச் சொல்லுங்க. பறவை வராத நாளை விட்டுடுவாங்க குழந்தைங்க. பூஜ்யமும் எழுதணும், இல்லன்னா சராசரி பொய்யாகிடும்.

---

வெண்பிடரி

கிளை விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம், ஆனால் அதற்குத்தான் அவசரம். துளை தண்டை ஒட்டி, கீழே புதுச் சீவல், காலையில் பெண் பறவை. இவை மூன்றும் சேர்ந்தால் கூடு என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பொன்முதுகு பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை கூடு கட்டும். வழக்கமாக 3 முட்டை, 11 நாள் வாக்கில் பொரியும், குஞ்சு வெளியே வர இன்னும் 20 நாள். பொந்து குடைவதையும் சேர்த்தால் மார்ச் கடைசியில் ரம்பம் வைப்பது சரியாகக் குஞ்சு இருக்கும் நாளில் போய் விழும்.

அசோசியேஷனிடம் உணர்ச்சியாகப் பேசுவதைவிடக் காகிதம் எடுபடும். கர்நாடகத்தில் மரம் வெட்ட 1976ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அலுவலரின் அனுமதி வேண்டும். கிளைதானே என்று விடாமல் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வருகிறது. இந்த இரண்டு வரியும் தேதி போட்ட துளைப் படமும் போதும்.

கிளை விழுந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான், கீழே வண்டி நிறுத்தும் இடமென்றால் இன்னும். அதற்கு வழி, முழுக் கிளையையும் வெட்டாமல் துளைக்கு வெளியே நீண்டிருக்கும் நுனிப்பாரத்தை மட்டும், குஞ்சு பறந்த பிறகு, குறைப்பது. துளை இருக்கும் அடிப்பகுதி ஒரு மீட்டர் குட்டையாக நிற்கட்டும். மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் மைனாவும் கிளியும் குடி வரும், அவற்றால் தானே குடைய முடியாது. அதுவரை கீழே இரண்டு வண்டி இடத்தைக் கயிறு கட்டி விட்டுவிடச் சொல்லுங்கள்.

பால்கனியிலிருந்து பார்ப்பதில் தொந்தரவில்லை. ஆனால் மொபைலில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள், எதிரி வந்துவிட்டது என்று அடைகாப்பதை விட்டுவிட்டு வரும். ஃபிளாஷும் வேண்டாம்.

---

ஜக்கூர்_மூணாம்மாடி

ஈபேர்ட்ல மாத்திட்டேன். செயலாளர் கிட்ட படம் கொடுத்தாச்சு, ஆகஸ்ட்டுக்கு அப்புறம் பார்க்கலாம்னார். கடற்பாசி முதல் தடவை கெட்டியாப் போச்சு, நாளைக்குத் தண்ணி கூட விட்டுப் பண்றோம். இன்னிக்குக் காலையில தாள்ல 'முரசு 0, கொத்தல் 6 தடவை, பெண்'னு எழுதியிருக்கா.